வலி தெரியாமல் போட்ட ஊசி

போன வாரம் ஆபீஸ் பக்கத்து டீக்கடையில வழக்கமான உலக அரசியல் மாநாடு நடந்தது. எங்க டீம் சீனியர் ஒருத்தர் (நல்ல மனுஷன், எனக்கு ஆணி புடுங்கக் கத்துக் கொடுத்தவர், அதனால பேர் வேணாம்) ஒரு தத்துவத்தை உதிர்த்தார்.

"தம்பி, அமெரிக்காக்காரன் ஈராக்ல ஒன்பது வருஷம் கிட்ட சண்ட போட்டான். ஊருக்குள்ள ஒரு நாள் கரண்ட் போச்சா? பெட்ரோலுக்கு ரேஷன் வந்துச்சா? ஒருத்தன் பொழப்பாவது கெட்டுச்சா? அவன் பாட்டுக்கு பர்கர் தின்னுட்டு மேட்ச் பார்த்துட்டு இருந்தான். அதாம்பா வல்லரசு!"

சுத்தி நின்ன நாலு பேரும் பலமா தலையாட்டினாங்க. நான் வாயில டீ இருந்ததால பேசல. பேசியிருந்தாலும் பத்து நிமிஷத்துல முடியற மேட்டர் இல்ல. அதான் இந்தப் பதிவு.

அவர் சொன்ன தகவல் பெரும்பாலும் சரி, அதிலிருந்து எடுத்த முடிவுதான் தப்பு. பெருவாரியான அமெரிக்கர்களுக்கு அந்த யுத்தம் வலிக்கவில்லை. வலிக்காத மாதிரி ஏற்பாடு பண்ணி வைத்திருந்தார்கள். அந்த ஏற்பாடுதான் அந்த நாட்டுக்கு உள்ளூரில் நடந்த மிகப் பெரிய கேடு என்பது என் கட்சி. பொட்டி தட்டுற ஆளுங்களுக்கு இது சட்டுன்னு புரியும். எர்ரர் வந்தா திரையில காட்டாம முழுங்கிடற மாதிரி கோட் எழுதுறது ரொம்ப சுலபம். டெமோ நல்லாப் போகும், கிளையன்ட் கை தட்டுவான். ஆறு மாசம் கழிச்சு சம்பந்தமே இல்லாத வேற ஒரு மாட்யூல் வெடிக்கும். ஈராக் யுத்தம் அமெரிக்காவுக்குள்ள வெடிச்சது அப்படித்தான்.

முதல்ல ஆள் கணக்கைப் பார்ப்போம்.

வியட்நாம் காலத்துல அமெரிக்காவுல கட்டாய ராணுவச் சேவை இருந்தது. 1969 டிசம்பர் 1ஆம் தேதி டிவியில் நேரடி ஒளிபரப்பாகவே குலுக்கல் நடத்தினார்கள், பிறந்த தேதியை எடுத்துப் போட்டு. உன் பிறந்தநாள் முதல்ல வந்துச்சா, போச்சு. அந்த முறை நியாயமா நடந்ததுன்னு நான் ஜல்லியடிக்க மாட்டேன். காலேஜ்ல இருந்தா தள்ளிப் போடலாம், நல்ல டாக்டர் தெரிஞ்சா தப்பிக்கலாம். பின்னாளில் ஈராக் யுத்தத்தை முன்னின்று நடத்திய துணை அதிபர் டிக் செனி அந்தக் காலத்தில் ஐந்து முறை விலக்கு வாங்கியவர். (ஆமாங்க, அவரேதான்.) இருந்தாலும் தெருவுக்குத் தெரு ஒரு வீட்டிலாவது பயம் இருந்தது. அந்தப் பயம்தான் மாணவர்களை வீதிக்குக் கொண்டு வந்தது. 1970 மே 4ஆம் தேதி ஒஹையோவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நேஷனல் கார்டு சுட்டதில் நாலு பேர் செத்தார்கள். 1971ல் வாக்களிக்கும் வயதை 18ஆகக் குறைத்தார்கள், "சாகிற வயசு வந்தவனுக்கு ஓட்டுப் போடுற வயசு வரலையா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல். 1973ல் கட்டாய ராணுவச் சேவையையே நிறுத்திவிட்டார்கள்.

அதிலிருந்து ஆளுங்கட்சிகள் கத்துக்கிட்ட பாடம் என்ன தெரியுமா? அநியாயமான போருக்குப் போகாதே என்பது இல்லை. நடுத்தர வர்க்கத்துப் பையனைத் தொடாதே என்பதுதான்.

2003 மார்ச் 20ல் ஈராக்குக்குள் போனது முழுக்க முழுக்கத் தாங்களாக விரும்பிச் சேர்ந்தவர்கள். 2001க்கு அப்புறமான பத்து வருஷத்தில், எந்த நேரத்தில் எடுத்துப் பார்த்தாலும் முழுநேர ராணுவப் பணியில் இருந்தவர்கள் மக்கள்தொகையில் சுமார் அரை சதவீதம். மீதி 99.5 சதவீதத்துக்கு யுத்தம் என்பது டிவியில் கீழே ஓடுற எழுத்து.

"தானா விரும்பிச் சேர்ந்தான், சம்பளம் வாங்குறான், இதுல என்ன அநியாயம்?" என்பார்கள். சரி, எப்படி விரும்ப வைத்தார்கள் என்றும் கொஞ்சம் பாருங்கள். 2002 ஜனவரியில் புஷ் கையெழுத்துப் போட்ட பள்ளிக் கல்விச் சட்டத்துக்குள்ளேயே ஒரு ஷரத்து: மத்திய அரசு நிதி வாங்கும் உயர்நிலைப் பள்ளிகள், ராணுவத்துக்கு ஆள் எடுப்பவர்கள் கேட்டால் மாணவர்களின் பேர், விலாசம், போன் நம்பர் கொடுக்க வேண்டும். வேண்டாம் என்றால் பெற்றோர்தான் மறுப்பு எழுதித் தரணும். படிப்புச் செலவுக்கு வழியில்லாத வீட்டுக்கு "காலேஜ் பீஸ் நாங்க கட்டறோம்" என்று போன் வந்தால் அது எந்த அளவுக்கு விருப்பம்? ஆள் பத்தாமப் போனப்போ 2006ல் ராணுவத்தில் சேர உச்ச வயதை 35லிருந்து 40, அப்புறம் 42 என்று ஏற்றினார்கள். ஒப்பந்தக் காலம் முடிந்தவனையும் வீட்டுக்கு விடாமல் இழுத்துப் பிடிக்க ஒரு விதி இருந்தது. 2007ல் ஒரு முறை போனால் 15 மாதம் என்று ஆக்கினார்கள். அதே ஆள் ரெண்டாவது தடவை, மூணாவது தடவை. பாரத்தைப் பங்கு போட ஆள் கம்மி என்றால் இருக்கிற தோள்ல தானே ஏத்தணும்?

அடுத்து காசு.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா வரியை ஏற்றியது, சர்க்கரைக்கும் பெட்ரோலுக்கும் ரேஷன் போட்டது. கொரியப் போரில் ட்ரூமன் வரி ஏற்றினார். வியட்நாமில் ஜான்சன் இழுத்தடித்து, கடைசியில் 1968ல் பத்து சதவீதக் கூடுதல் வரி போட்டார். ஈராக்கில்? படை உள்ளே போன இரண்டே மாதத்தில், 2003 மே 28ல், சுமார் 350 பில்லியன் டாலர் வரிக்குறைப்பு! செனட்டில் ஐம்பதுக்கு ஐம்பது என்று நின்றபோது செனியே ஓட்டுப் போட்டு நிறைவேற்றினார். போரும் நடத்துவோம், வரியும் குறைப்போம். பின்ன செலவுக்கு? கடன்தான். நம்ம ஊர்ல கந்துவட்டிக்குக் கடன் வாங்கி மண்டபம் எடுத்து ஆயிரம் பேருக்கு பிரியாணி போடுறவரைப் பார்த்து "பெரிய மனுஷன்பா" என்று சொல்வோம் இல்லையா, அதே கதை.

போருக்கு 100லிருந்து 200 பில்லியன் ஆகலாம் என்று வெள்ளை மாளிகைப் பொருளாதார ஆலோசகர் லாரன்ஸ் லிண்ட்சே 2002 செப்டம்பரில் வாய்தவறி உண்மை மாதிரி ஒன்றைச் சொல்லிவிட்டார். டிசம்பரில் ஆளே பதவியில் இல்லை. அதற்குப் பதில் 50, 60 பில்லியன் என்று வேறொரு கணக்கு சொன்னார்கள். 2008ல் ஜோசப் ஸ்டிக்லிட்ஸும் லிண்டா பில்ம்ஸும், காயம்பட்டவர்களின் வாழ்நாள் மருத்துவம், கடன் வட்டி எல்லாம் சேர்த்து மூன்று ட்ரில்லியன் டாலர் என்று ஒரு புத்தகமே போட்டார்கள். லிண்ட்சே சொன்னதே பதினஞ்சு மடங்கு கம்மி! எந்த வாக்காளனுக்கும் அந்த பில் வீட்டுக்கு வரவில்லை. பிறக்காத பிள்ளை பேரில் எழுதி வைத்தாயிற்று.

மூணாவது, கண்.

சவப்பெட்டிகள் வந்திறங்கும் டோவர் விமானப்படைத் தளத்தில் 1991லிருந்தே படம் எடுக்கத் தடை. 2003ல் அதை இறுக்கினார்கள். 2004 ஏப்ரலில் குவைத்தில் சரக்கு விமானப் பணியில் இருந்த ஒரு ஒப்பந்த ஊழியர், கொடி போர்த்திய பெட்டிகள் விமானத்துக்குள் வரிசையாக இருப்பதைப் படம் எடுத்தார். சியாட்டில் டைம்ஸ் முதல் பக்கத்தில் வந்தது. அந்தப் பெண்ணுக்கு வேலை போனது. இறந்தவர்களின் குடும்பத்தின் மரியாதைக்காகத்தான் தடை என்றார்கள். அப்படியானால் குடும்பத்தைக் கேட்டிருக்கலாமே? 2009ல் ஒபாமா அரசு அதைத்தான் செய்தது. குடும்பம் சம்மதித்தால் படம் எடுக்கலாம் என்று மாற்றியது. அதாவது முதல் ஆறு வருஷம் அந்த மக்கள் தன் பிள்ளைகளின் சவப்பெட்டி வந்திறங்குவதைப் பார்க்கவே இல்லை. ஈராக்கில் செத்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பொதுமக்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நியாயமாகப் பார்த்தால் இந்தக் கணக்கில் முதல் வரியே அவர்கள்தான். நான் பேசுவது உள்ளூர் விளைவு என்பதால் இங்கே அவர்கள் ஓரத்தில் நிற்கிறார்கள், மன்னிக்கணும்.

ஆள், காசு, கண். மூன்றையும் மூடிவிட்டால் மிச்சம் இருப்பது வாய்தானே. அதையும் விடவில்லை. யுத்தம் தொடங்க பத்து நாள் இருக்கும்போது டிக்ஸி சிக்ஸ் பாடகி நாடலி மேன்ஸ், லண்டன் மேடையில், அதிபர் டெக்ஸாஸ்காரர் என்பதில் வெட்கப்படுகிறோம் என்று ஒரு வரி சொன்னார். நாடு முழுக்க ரேடியோக்கள் அவர்கள் பாட்டை நிறுத்தின, குறுந்தகடுகளை வண்டி ஏற்றி நசுக்கினார்கள். போர் எதிர்ப்பாளர்களைப் பேசவைத்த ஃபில் டோனஹ்யூவின் நிகழ்ச்சியை 2003 பிப்ரவரியில் எம்எஸ்என்பிசி தூக்கியது. போர்க்காலத்தில் இவர் நமக்குச் சங்கடமான முகம் என்ற பொருளில் உள்ளே ஒரு குறிப்பு எழுதியிருந்தார்கள் என்பது பின்னால் வெளியானது. நியூயார்க் டைம்ஸ் தன் செய்திகள் போதுமான அளவு சந்தேகப்படவில்லை என்று ஒப்புக்கொண்டது 2004 மே 26ல். எல்லாம் முடிந்த பிறகு பேட்ச் ரிலீஸ் பண்ணுற மாதிரி. பலன்? 2003 ஆகஸ்டில் எடுத்த ஒரு கருத்துக்கணிப்பில், செப்டம்பர் 11 தாக்குதலில் சதாமுக்கு நேரடிப் பங்கு இருக்கலாம் என்று நூற்றுக்கு 69 பேர் நம்பினார்கள். ஆதாரம் எதுவும் இல்லாத ஒன்றை!

சரி, முழுங்கின எர்ரர் எங்கெல்லாம் வெடித்தது?

2005 ஆகஸ்ட் 29. கத்ரீனா புயல். வெள்ளம் வந்தால் மக்களைக் காப்பாற்ற ஒவ்வொரு மாநிலத்துக்கும் இருக்கிற படைதான் நேஷனல் கார்டு. லூசியானாவின் 256ஆம் பிரிகேட், சுமார் 3,000 பேர், அன்றைக்கு ஈராக்கில். நியூ ஆர்லியன்ஸ் கூரை மேல் நின்று ஜனங்கள் கையாட்டிக் கொண்டிருந்தார்கள். மீட்பு சொதப்பியதற்கு வேறு காரணங்களும் நிறைய உண்டு, எல்லாப் பழியையும் ஈராக் மேல் போட மாட்டேன். ஆனால் தன் வீடு மூழ்கும்போது பாக்தாத்தில் செக்போஸ்ட்டில் நின்ற அந்த லூசியானாக்காரனிடம் போய் "ஊருக்குள்ள ஒண்ணும் பாதிக்கல" என்று சீனியர் சொல்லிப் பார்க்கட்டும்.

2007 பிப்ரவரி. தலைநகரிலேயே அப்போது இருந்த வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனை. வெள்ளை மாளிகையிலிருந்து சில மைல் தூரம். கை கால் போன சிப்பாய்கள் தங்கியிருந்த கட்டிடத்தில் சுவரெல்லாம் பூஞ்சணம், எலி, கரப்பான். வாஷிங்டன் போஸ்ட் எழுதின பிறகுதான் தரைப்படைச் செயலர் பதவி போனது. காரின் பின்னாடி "நம் படைக்கு ஆதரவு" என்று மஞ்சள் ரிப்பன் ஸ்டிக்கர் ஒட்டின தேசம் அது. ஸ்டிக்கர் விலை ரெண்டு மூணு டாலர். அதோடு கடமை முடிந்தது. செத்தவர்கள் சுமார் 4,500, காயம்பட்டவர்கள் சுமார் 32,000. மனசு உடைந்து வந்தவர்களுக்குக் கணக்கே வேறு.

அப்புறம் வண்டி. கண்ணிவெடியைத் தாங்க ஈராக்குக்காகச் செய்த எம்ராப் கவச வாகனங்கள் யுத்தம் முடிந்ததும் என்ன ஆயின? 1033 என்ற திட்டத்தில் உள்ளூர் போலீசுக்குப் போயின. 2013ல் ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகப் போலீஸ் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டது. காலேஜ் கேம்பஸுக்கு, கண்ணிவெடி தாங்குற வண்டி! 2014 ஆகஸ்டில் ஃபெர்கூசனில் கறுப்பின மக்கள் போராடியபோது எதிரே வந்தது கவச வண்டி, உருமறைப்பு உடை, நீட்டிய துப்பாக்கி. அங்கே நின்ற ஒவ்வொரு வண்டியும் ராணுவத்திடமிருந்து வந்ததில்லை என்பது உண்மை. ஆனால் போலீஸ் பார்க்கிற பார்வை வந்த இடம் எதுவென்று தனியாகச் சொல்லணுமா?

கடைசியாக, நம்பிக்கை. இதுதான் பெரிய வெடிப்பு.

2002 அக்டோபரில் போருக்கு அனுமதி கொடுத்து செனட்டில் 77 பேர் ஓட்டுப் போட்டார்கள். 23 பேர் எதிர்த்தார்கள். அந்த 77ல் கெர்ரி 2004ல் அதிபர் வேட்பாளர், ஹில்லாரி 2016ல் வேட்பாளர், பைடன் 2021ல் அதிபரே. பொய்க் காரணம் சொல்லி நடத்திய புஷ் 2004ல் மறுபடி ஜெயித்தார். அபு கிரைப் சிறைக் கொடுமைக்கு ஜெயிலுக்குப் போனது எல்லாம் கீழ்மட்டச் சிப்பாய்கள். மேலே இருந்த ஒருத்தனுக்கும் ஒரு நாள் தண்டனை கிடையாது. 2006ல் ஜனங்கள் கோபப்பட்டு இரண்டு அவையையும் மாற்றிக் கொடுத்தார்கள். அடுத்த நாளே ரம்ஸ்ஃபெல்ட் போனார், ஆனால் 2007ல் படை குறையவில்லை, கூடியது. ஓட்டுப் போட்டும் ஒன்றும் நடக்கலை என்றால் ஒரு மனுஷன் என்ன நினைப்பான்? "எல்லாப் பயலும் திருட்டுப் பய" என்று நினைப்பான். அப்படி நினைக்கிறவனுக்கு எதிரில் யார் வந்து "எல்லாரும் திருடன்" என்று கத்தினாலும் அவன் தலைவன்.

2016 பிப்ரவரி 13, சவுத் கரோலினா விவாத மேடை. பக்கத்தில் புஷ்ஷின் தம்பி நிற்க, ஈராக் போர் பெரிய தப்பு, பொய் சொன்னார்கள் என்று ட்ரம்ப் போட்டு உடைத்தார். ராணுவக் குடும்பங்கள் நிறைந்த மாநிலம், ஆள் காலி என்று பண்டிதர்கள் எழுதினார்கள். ஒரு வாரத்தில் அவர் அங்கே ஜெயித்தார், தம்பி புஷ் அன்றிரவே மூட்டை கட்டினார். இத்தனைக்கும் இதே ட்ரம்ப் 2002ல் ஒரு ரேடியோ பேட்டியில் போருக்கு ஆமாம் போட்டவர்! க்ரைனர், ஷென் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2017ல் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். 2001க்குப் பிந்தைய போர்களில் அதிகம் பேரைப் பறிகொடுத்த பகுதிகள் ட்ரம்ப் பக்கம் கூடுதலாகச் சாய்ந்திருந்தன. வலியைக் கொஞ்சம் பேர் தலையில் கட்டிவிட்டுக் கண்டுக்காமல் இருந்ததற்கு, அந்தக் கொஞ்சம் பேர் ஓட்டுப் பெட்டியில் பதில் சொன்னார்கள். தேர்தல் முடிவுக்கு இது ஒன்றே காரணம் என்று சொன்னால் நான் மடையன். காரணமே இல்லை என்று சொன்னால் நீங்கள்.

இந்த இடத்தில் ஒருத்தரைப் பற்றிச் சொல்லணும். வால்டர் ஜோன்ஸ், வட கரோலினா குடியரசுக் கட்சி எம்.பி. போரை எதிர்த்த பிரான்ஸ் மேல் கடுப்பாகி, 2003 மார்ச்சில் நாடாளுமன்ற கேன்டீனில் 'ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ்' பேரை 'ஃப்ரீடம் ஃப்ரைஸ்' என்று மாற்ற வைத்ததில் முக்கியமானவர். உலகமே சிரித்தது. அடுத்த மாதம் தன் தொகுதியில் ஒரு மரைனின் இறுதிச் சடங்குக்குப் போனார். அந்தப் பெட்டி அவரை மாற்றிவிட்டது. 2005லிருந்து படையைத் திரும்பக் கூப்பிடு என்று சொந்தக் கட்சியிடமே மல்லுக்கட்டினார். செத்தவர்களின் குடும்பங்களுக்கு 11,000க்கும் மேல் கடிதங்களில் கையெழுத்துப் போட்டார், தன் ஓட்டுக்குப் பிராயச்சித்தமாக. 2019ல் இறக்கும் வரை அந்தக் குற்றவுணர்வை மறைக்கவில்லை. ஒரே ஒரு சவப்பெட்டியைப் பக்கத்தில் பார்த்ததற்கு இந்த விளைவு. டோவரில் கேமராவை ஏன் தடுத்தார்கள் என்று இப்போது புரியுதா?

"அப்போ கட்டாய ராணுவத்தைத் திரும்பக் கொண்டு வரணுங்கறியா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கொரியப் போரில் சண்டை போட்ட சார்லஸ் ராங்கல் எம்.பி. 2003 ஜனவரியில் அதற்கு மசோதாவே கொண்டு வந்தார், எம்.பி. வீட்டுப் பிள்ளையும் போகணும் என்றால் இவர்கள் யோசிப்பார்கள் என்று. 2004 அக்டோபரில் 402க்கு 2 என்று தோற்றது. ராங்கலே எதிர்த்து ஓட்டுப் போட்டார், தேர்தல் நேர டிராமா என்று சொல்லி. நான் அதைக் கேட்கவில்லை. கட்டாயச் சேவை இருந்தும்தான் வியட்நாமில் 58,000 அமெரிக்கர்கள் செத்தார்கள், வியட்நாம்காரர்கள் லட்சக்கணக்கில். பிள்ளைகளைப் பிணையாக வைத்து அமைதி வாங்குவது எனக்கு ஒப்பவில்லை. நான் கேட்பது அதைவிடச் சின்னது. போர் வேண்டும் என்றால் போர் வரி போடு, அந்த வருஷமே, சம்பளச் சீட்டில் தனி வரியாக. குடும்பம் சம்மதித்தால் பெட்டியைக் காட்டு. வருஷா வருஷம் ஓட்டெடு. இந்த மூணுக்கும் பயப்படுற அரசாங்கம், தன் போரை மக்கள் ஆதரிக்கவில்லை என்று தானே ஒப்புக்கொள்கிறது.

இது நமக்குச் சம்பந்தமில்லாத ஊர்க்கதை என்று நினைக்காதீர்கள். 2003ல் ஈராக்குக்கு ஒரு டிவிஷன் படை அனுப்பச் சொல்லி அமெரிக்கா இந்தியாவிடம் கேட்டது. டெல்லியில் அனுப்பலாம் என்று பேசினவர்களும் இருந்தார்கள். ஐ.நா. ஆணை இல்லாமல் முடியாது என்று வாஜ்பாய் அரசு ஜூலையில் மறுத்தது. போயிருந்தால் யார் போயிருப்பார்கள்? நானோ எங்க சீனியரோ இல்லை. வேலூர்ப் பக்கம் தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் போகிற கிராமத்துப் பையன். நாம டீக்கடையில நின்னு "அதாம்பா வல்லரசு" என்று சொல்லியிருப்போம்.

நாளைக்கு சீனியரிடம் இதைத்தான் கேட்கப் போறேன். அண்ணே, ஊசி வலிக்கலைன்னு சந்தோஷப்பட்டீங்களே, மருந்து யார் உடம்புல ஏறுச்சுன்னு பார்த்தீங்களா?

டிஸ்கி: அமெரிக்காவில் ஆன்சைட்டில் இருக்கும் நண்பர்கள் ஆட்டோ அனுப்ப வேண்டாம். நான் திட்டியது அந்த ஊர் மக்களை இல்லை. மேன்ஸ், டோனஹ்யூ, ஜோன்ஸ் எல்லாரும் அந்த ஊர் மக்கள்தான்.